வண்டியின் உயரத்தை இறக்கியவர்கள் சொல்லுங்கள்: வளைவில் உண்மையில் என்ன மாறியது?

முதலியார்பேட்டைக்காரன்:

புதுச்சேரிக்கும் கடலூருக்கும் தினமும் போய் வருகிறவன் நான். வண்டி பழைய ஸ்விஃப்ட். முன்னும் பின்னும் 3 செ.மீ. இறக்கும் ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் சேர்த்தே மாட்டியிருக்கிறேன். "இறக்கினா ரோட்டோட ஒட்டிக்கும்" என்பார்கள் சிலர், "இடுப்பு போயிடும்" என்பார்கள் சிலர். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது.

நல்லது எங்கே தெரிகிறது என்றால், தவளக்குப்பம் தாண்டி முன்னால் போகும் பஸ்ஸை முந்தி மறுபடி இடப்பக்கம் வரும்போது. முன்பெல்லாம் வண்டி ஒரு பக்கம் சாயும், நிமிரும், மறுபக்கம் கொஞ்சம் சாயும், அப்புறம்தான் அடங்கும். இப்போது ஸ்டியரிங் நேரானதுமே வண்டியும் நேராகிவிடுகிறது. பிரேக் பிடித்தால் மூக்கு குத்துவதும் குறைந்திருக்கிறது.

ஆனால் இந்தப் பெருமையை உயரத்துக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. கணக்கு எளிது. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 3 செ.மீ. இறக்கினால், வளைவில் உள் பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப் பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை சுமார் 5 சதவீதம் குறையும். அவ்வளவுதான். நாலு பேரை ஏற்றினால் அந்த லாபம் காணாமல் போகும். வண்டி சாயாமல் நிற்பதற்குக் காரணம் கெட்டியான ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும்தான். இறங்கி நிற்பது பெரும்பாலும் பார்வைக்கு.

கெட்டதும் உண்டு. குடும்பத்தோடு டிக்கியில் சாமானும் ஏற்றிப் போனேன். வளைவின் நடுவே ரோட்டில் ஒரு மேடு. கம்பெனி ஸ்பிரிங்காக இருந்தால் சக்கரம் மேலே ஏறி இறங்கியிருக்கும். இங்கே அதற்கு இடமே இல்லை. பம்ப் ஸ்டாப்பரில் (சக்கரம் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் ரப்பர் கட்டை) போய் முட்டியது. அந்த நொடியில் ஸ்பிரிங் இருந்தும் இல்லாத மாதிரி. முன் சக்கரம் பிடிப்பு விட்டு வண்டி வளைவுக்கு வெளியே அரை அடி நகர்ந்தது. வேகம் அதிகமில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. பின் சக்கரம் அப்படி முட்டியிருந்தால் வால் வீசும், அது இன்னும் மோசம்.

ஓ.டி. கடலூர்:

உங்களுடையது பரவாயில்லை அண்ணே, காசு போட்டு முறையாகச் செய்திருக்கிறீர்கள். என் மச்சான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் ஸ்பிரிங்கை கிரைண்டரால் அறுத்து வைத்திருந்தார்கள். விற்றவர் மூச்சு விடவில்லை. மஞ்சக்குப்பத்தில் பஞ்சர் போட ஜாக்கி வைத்துத் தூக்கினோம். சக்கரம் தொங்கியதும் ஸ்பிரிங் மேல் தட்டை விட்டு லொடலொடவென்று ஆடுகிறது, கையாலேயே சுற்றலாம்! ஓடுகிறபோது ஒரு பள்ளத்தில் சக்கரம் இப்படித் தொங்கி, ஸ்பிரிங் கோணலாக உட்கார்ந்தால் என்ன ஆவது? அன்றைக்கே வேறு ஸ்பிரிங் மாற்றச் சொல்லிவிட்டேன்.

அலைன்மென்ட் வேலைக்காரன், வில்லியனூர்:

அறுத்த ஸ்பிரிங் பற்றி ஒரு விஷயம். 6 சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் மிச்சம் 20 சதவீதம் கெட்டியாகும். ஆனால் பழைய ஷாக் அந்தக் கெட்டித்தனத்துக்குச் செய்ததில்லை. அதனால்தான் அப்படிப்பட்ட வண்டிகள் வேகத்தடை தாண்டியும் குதித்துக்கொண்டே போகும்.

எங்களிடம் வரும் இறக்கிய வண்டிகளில் முதலில் நான் பார்ப்பது முன் டயரின் உள் விளிம்பை. வெளியே நின்று பார்த்தால் டயர் புதுசு மாதிரி இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவினால் கம்பி குத்தும். எல்லோரும் கேம்பரைத் (முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) திட்டுவார்கள். கேம்பர் ஒரு டிகிரி உள்ளே சாய்ந்ததால் மட்டும் டயர் இவ்வளவு சீக்கிரம் போகாது. டோதான் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) கொல்கிறது. வண்டி இறங்கும்போது டை ராடும் (ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பி) லோயர் ஆர்மும் (சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் கை) வேறு வேறு வட்டத்தில் நகர்வதால் சக்கரம் பெரும்பாலும் வெளிப்பக்கம் திரும்பி நிற்கும். சரி, டோவை ராடில் திருத்திவிடலாம். ஆனால் பின்னால் பீம் ஆக்சில் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டியில் பெரும்பாலும் திருத்த வழியே கிடையாது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன் பக்க லோயர் ஆர்ம் கம்பெனியிலிருந்து வரும்போது கிடையாகவோ, சக்கரப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்தோ இருக்கும். ரொம்ப இறக்கினால் சக்கரப் பக்கம் மேலே ஏறிவிடும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ, அந்த ரோல் சென்டர், எடை மையம் இறங்கியதைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் கூடினால் வண்டியைச் சாய்க்கும் நெம்புகோல் நீளுகிறது. அதாவது 6, 7 செ.மீ. இறக்கிய வண்டி, ஸ்பிரிங்கைக் கெட்டியாக்காவிட்டால், முன்பைவிட அதிகமாகச் சாயவும் கூடும். ஷோவுக்குப் படுக்க வைத்த வண்டிகள் வளைவில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாட்டும்போது ஒரு கவனம் வேண்டும்: லோயர் ஆர்ம் புஷ் (ஆர்ம் திரும்பும் இடத்தில் உள்ள ரப்பர்) போல்ட்டை வண்டி தூக்கியிருக்கும்போது இறுக்காதீர்கள். தரையில் நான்கு சக்கரமும் நின்ற பிறகு இறுக்குங்கள். இல்லையென்றால் புஷ் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஈசிஆர் பொடியன்:

அண்ணன்மாரே, காலாப்பட்டில் படிக்கிறேன், அப்பா வண்டி. ஸ்பிரிங் மட்டும் வாங்கிப் போட்டால் போதுமா? பட்ஜெட் கம்மி.

முதலியார்பேட்டைக்காரன்:

தம்பி, பட்ஜெட் கம்மி என்றால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். ஷாக் எவ்வளவு கிலோமீட்டர் ஓடியது என்று பார். தேய்ந்த ஷாக்கையும் புஷ்ஷையும் மாற்றினாலே வண்டி வேறு மாதிரி நிற்கும், உயரமும் அப்படியே இருக்கும். ஐ.ஆர்.சி. (இந்தியச் சாலைகள் காங்கிரஸ்) விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் தாண்டலாம். நம் தெருக்களில் எத்தனை அப்படி இருக்கின்றன என்று நீயே அளந்து பார். ஐப்பசி மழைக்கு இந்திரா காந்தி சிலை பக்கம் தண்ணீர் நிற்கும்போது ஒவ்வொரு செ.மீ.யும் உதவும்.

இன்னொன்று, அப்பா பெயரில் வண்டி இருப்பதால் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு மாற்றங்களுக்குக் கட்டுப்பாடு வைக்கிறது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் வரலாம், அதுவும் உரிமையாளருக்கு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்பாவிடம் கேட்டாயா?

அப்புறம் டயர் எந்த வருடத்தது, காற்று எவ்வளவு வைக்கிறாய்? அதையும் போடு, பார்த்துச் சொல்கிறோம்.