மூச்சு வாங்கிய இடமெல்லாம் கமா

எங்களுக்கு ஆங்கிலக் கமா பாடம் ஒரே வரியில் முடிந்துவிட்டது: "வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே போடு." அந்த ஒரு வரியை வைத்தே படிப்பை முடித்து வேலைக்கும் வந்துவிட்டேன். முதல் மாதம் நான் எழுதிய அறிக்கையை மேலதிகாரி திருப்பிக் கொடுத்தார். பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன சிவப்பு வட்டங்கள், எல்லாமே கமாவைச் சுற்றி.

முதல் வட்டம், 'தி ரிப்போர்ட் சென்ட் பை தி பிராஞ்ச், இஸ் இன்கம்ப்ளீட்'. எழுவாய் நீளமாக இருந்தது, மூச்சு வாங்கியது, போட்டுவிட்டேன். "எழுவாயையும் பயனிலையையும் ஏன்யா வெட்டுற?" என்றார்.

அடுத்தது 'ஹி செட் தட்,' என்று 'தட்'டுக்குப் பின்னால் ஒரு கமா. இது அசல் தமிழ்க் கமா. 'அவர் சொன்னது என்னவென்றால்' என்று இழுத்து நிறுத்துவோமே, அந்த நிறுத்தத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அந்த 'தட்', பின்னால் வரும் வாக்கியத்தோடுதான் ஒட்டும்.

மூன்றாவதுதான் என்னை வருடக்கணக்கில் விடவில்லை. 'தி மெஷின் ஸ்டாப்ட், வி கால்டு தி மெக்கானிக்.' இரண்டும் முழு வாக்கியம். நடுவில் வெறும் கமா தாங்காது; முற்றுப்புள்ளி வேண்டும், அரைப்புள்ளி வேண்டும், இல்லையென்றால் கமாவோடு ஒரு 'ஸோ'வாவது வேண்டும். நமக்கு 'நின்றதும்', 'நின்றுபோய்' என்று வினையெச்சம் இருக்கிறது, எத்தனை செயலை வேண்டுமானாலும் கோத்துக்கொண்டே போகலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கமாவை நூலாக்கிக் கோத்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு எது காலை வாரிவிட்டது? எழுதுங்களேன்.

*

எனக்குக் கமா இல்லை, சொல்வகை. 'அழகு'க்கு 'ஆன' சேர்த்தால் பெயரடை, 'ஆக' சேர்த்தால் வினையடை. ஆங்கிலத்தில் 'ஆக'வுக்குப் பதில் 'லி', அவ்வளவுதானே என்று முடிவு கட்டிவிட்டேன். நேர்முகத் தேர்வில் நெஞ்சை நிமிர்த்தி 'ஐ வொர்க் ஹார்ட்லி' என்றேன். எதிரே இருந்தவர் குனிந்து காகிதத்தைப் பார்த்துக்கொண்டார். கடுமையாக உழைப்பேன் என்று சொல்ல நினைத்து, கிட்டத்தட்ட வேலையே பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கிறேன்! 'ஹார்ட்' என்றே விட்டிருக்கலாம், அதுவே வினையடையாகவும் வரும். 'ஃபாஸ்ட்'டும் அப்படித்தான். 'ஃப்ரெண்ட்லி', 'லவ்லி' இரண்டும் லி-யில் முடிந்தும் பெயரடை.

அப்புறம் ஒரு ஆசிரியை 'ரவுண்ட்' என்ற ஒரே சொல்லைப் பலகையில் எழுதிக் காட்டினார். 'ரவுண்ட் டேபிள்' என்றால் பெயரடை. 'செகண்ட் ரவுண்ட்' என்றால் பெயர். 'ரவுண்ட் ஆஃப்' செய் என்றால் வினை. 'டர்ன்ட் ரவுண்ட்' என்றால் வினையடை. 'ரவுண்ட் தி கார்னர்' என்றால் முன்னிடைச்சொல், அதாவது ப்ரெபொசிஷன். சொல்லில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, உட்கார்ந்த இடம்தான் மாறியது. அன்றோடு சொல்வகைப் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டேன்.

*

தொல்காப்பியத்தில் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் எட்டு. எட்டில் எனக்கு ஆகாதது முன்னிடைச்சொல்தான். நமக்கு உருபு பெயருக்குப் பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால். 'அதைப் பற்றிப் பேசலாம்' என்று மனத்துக்குள் ஓடுவதால் கை தானாக 'டிஸ்கஸ் அபௌட்' என்று எழுதும். 'டிஸ்கஸ்'ஸுக்கு அபௌட் வேண்டாம். தெரியும். தெரிந்தும் எழுதுவேன்.

*

'மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர்' என்று கமா இல்லாமல் மின்னஞ்சலில் எழுதியிருந்தேன். அலுவலகத்து அக்கா ஒருவர், "உனக்கு எத்தனை அண்ணன்?" என்று கேட்டார். ஒரே அண்ணன்தான். "அப்படின்னா 'ஹூ இஸ் எ டாக்டர்' ரெண்டு பக்கமும் கமா போடு. போடலைன்னா, பல அண்ணன்களில் டாக்டராக இருக்கும் அண்ணன் என்று ஆகிவிடும்" என்றார். தமிழில் 'டாக்டராக இருக்கும் என் அண்ணன்' என்றால் எத்தனை பேர் என்று யாரும் எண்ணப்போவதில்லை. இதில் மூச்சுக்கு வேலையே இல்லை பாருங்கள், பொருள்தான் கமாவைக் கேட்கிறது.

*

கமாவும் சொல்வகையும் சேர்ந்து நீதிமன்றம் போன கதை தெரியுமா? அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்து ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவன ஓட்டுநர்கள் கூடுதல் நேரச் சம்பளம் கேட்டார்கள். எந்த வேலைகளுக்கு அது கிடையாது என்று அப்போதைய சட்டத்தில் ஒரு பட்டியல்: கேனிங், ப்ராசஸிங், ஃப்ரீஸிங் என்று நீண்டு, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்' என்று முடிந்தது. 'ஆர்' முன்னால் கமா இருக்கவில்லை. அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுவது என்று ஒரே வேலையா, விநியோகம் தனி வேலையா?

பட்டியலில் உள்ள வேலைகள் எல்லாம் 'இங்'கில் முடியும் தொழிற்பெயர்கள், 'டிஸ்ட்ரிப்யூஷன்' மட்டும் அப்படி இல்லை, அது 'ஷிப்மென்ட்'டுக்குத்தான் ஜோடி என்றது ஓட்டுநர் தரப்பு. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சட்டம் இரண்டு பொருள் தருகிறது, அப்படியானால் தொழிலாளிக்குச் சாதகமாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறு வருடம் 50 லட்சம் டாலருக்குச் சமரசம். இதைப் படித்த பிறகு பட்டியலில் கடைசிக் கமாவை நான் விடுவதே இல்லை. பத்திரிகைக்காரர்கள் பலர் அது தேவையில்லை என்பார்கள், அது அவர்கள் பாடு.

*

முதலில் எழுதியவன்தான். நான்கு பதில்களையும் படித்துவிட்டுப் பழைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். சிவப்பு வட்டம் பதினேழு. உண்மையைச் சொன்னால், இப்போதும் முதலில் மூச்சு வாங்கும் இடத்தில்தான் போடுகிறேன். அப்புறம் திரும்ப வந்து பாதியை அழிக்கிறேன்.