செர்ரி மர மேசைக்குச் சாயம் அடிக்கலாமா?

காட்பாடி வாசி:
அமெரிக்கச் செர்ரிப் பலகை வாங்கிச் சாப்பாட்டு மேசை செய்யக் கொடுத்திருக்கிறேன். இழைத்த பலகை வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கிறது. வீட்டிலோ, கடையில் பார்த்த கருஞ்சிவப்புதான் வேண்டும் என்கிறார்கள். ஸ்டெயின் என்ற மரச் சாயம் அடித்து மேலே மெலமைன் பாலிஷ் போட்டால் உடனே அந்த நிறம் வரும் என்கிறார் ஆசாரி. செய்யலாமா?

பாலாற்றங்கரை:
தயவுசெய்து வேண்டாம் சார். செர்ரிக்கு வெளிச்சம் பட்டாலே நிறம் ஏறும். முதல் சில மாதங்களிலேயே மாற்றம் தெரியும், அப்புறம் வருடக்கணக்கில் ஆழமாகும். இன்றைக்கே கருஞ்சிவப்பு அடித்தால், அடியில் மரமும் கறுத்து, கேட்ட நிறத்தைத் தாண்டிப் போய்விடும். அதோடு செர்ரி சாயத்தைச் சீராக உறிஞ்சாது, திட்டுத் திட்டாக நிற்கும். நம் பலாவும் அறுக்கும்போது மஞ்சள்தான், போகப் போகத் தானே செம்பழுப்பாகிறது. அதற்கு யாராவது சாயம் அடிக்கிறார்களா?

சத்துவாச்சாரி பாலிஷ்:
தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். திட்டு விழுவது உண்மை, ஆனால் வழி இருக்கிறது. மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்து முதலில் ஒரு கை பூச வேண்டும். காய்ந்ததும் நைஸ் உப்புத்தாள் போட்டு, பிறகு ஸ்டெயின். இன்னொன்று, வைரம், அதாவது மரத்தின் உள்பகுதி மட்டும்தான் சிவக்கும். ஓரத்து வெள்ளைப் பகுதி அதன் கூடவே கறுக்காது. ஒரு பலகையில் இரண்டும் இருந்தால் வருடங்கள் போனாலும் கோடு கோடாகத்தான் தெரியும். அங்கே சாயம் இல்லாமல் என்ன செய்வீர்கள்?

பாலாற்றங்கரை:
பலகை பொறுக்கும்போதே வெள்ளையைக் கழிக்க வேண்டும், அல்லது அடிப்பக்கம் திருப்பிப் போட வேண்டும் அண்ணே. இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மரத்தின் ரேகையைச் சாயத்தில் மூடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. கடையில் 'செர்ரி' என்று கருஞ்சிவப்பாக வைத்திருப்பதில் பல, ரப்பர் மரத்துக்குச் செர்ரி நிறம் அடித்தவை. மேசையைக் கவிழ்த்து, பாலிஷ் படாத இடத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அந்த நிறத்தை அளவுகோலாக வைத்து உண்மையான செர்ரியைக் கெடுப்பானேன்?

ஜவ்வாது மலையடிவாரம்:
நான் கேட்பது வேறு. வேலூரில் செர்ரி எதற்கு? தேக்கு மரத்திலேயே கரையானுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. மே மாதக் காய்ச்சலுக்கும் ஐப்பசி மழைக்கும் அது செர்ரியைவிடக் குறைவாகவே சுருங்கி விரியும். கடல் தாண்டி வரும் மரத்துக்குக் கொடுக்கும் காசில் வைரம் பாய்ந்த தேக்கே வாங்கலாமே.

காட்பாடி வாசி:
பலகை வந்து இறங்கிவிட்டது ஐயா, இனி தேக்குக்கு மாற முடியாது. சாயம் இல்லாமல் விட்டால் மேலே என்ன பூசுவது?

பாலாற்றங்கரை:
காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய். மெல்லிசாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். அந்தத் துணியை மட்டும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப் போடுங்கள்.

சத்துவாச்சாரி பாலிஷ்:
தினமும் சாம்பார் சிந்தும் மேசைக்கு வெறும் எண்ணெயா? ஈர டம்ளர் வைத்த வட்டம் ஒரே வாரத்தில் தெரியும். அரக்குப் பாலிஷ் மட்டும் போட்டாலும் சூடான பாத்திரம் வெள்ளைத் தடம் போடும். மேல்பலகைக்குப் பியூ பாலிஷ்தான், அதாவது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பூச்சு. காலுக்கும் சட்டத்துக்கும் எண்ணெய் போட்டுக்கொள்ளட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை.

பாலாற்றங்கரை:
மேல்பலகைக்குப் பியூ, சரி. சாயம் மட்டும் வேண்டாம். சார், மீந்த துண்டு ஒன்றில் பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடி மொட்டை மாடி வெயிலில் சில நாள் வையுங்கள். காகிதத்தை எடுத்து வீட்டில் காட்டுங்கள், பிறகு முடிவு செய்யட்டும். மேசை வந்த புதிதில் அதன்மேல் விரிப்போ பூச்சாடியோ ஒரே இடத்தில் கிடக்க விடாதீர்கள். அடியில் வெளிறிய தடம் விழும்.

சத்துவாச்சாரி பாலிஷ்:
துண்டில் பார்ப்பது நல்ல யோசனை. ஆனால் இன்னொரு துண்டில் அரக்கு போட்டு ஸ்டெயினும் அடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வீட்டுக்காரர்கள் என் பக்கம்தான் வருவார்கள் என்று நம்புகிறேன். அப்புறம், மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டிவிட வேண்டாம் என்று ஆசாரியிடம் சொல்லுங்கள். நீள் துளையில் திருகு போட்டால்தான் மரம் அசைய இடம் இருக்கும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்.