வளைகாப்பு அன்றைக்கே மேட்ச்

குழு: மலைக்கோட்டை குடும்பம்

31 மார்ச் 2024, ஞாயிறு

வித்யா: ஜெயித்துவிட்டோம்!!! டியூக்கை!!! 76-64!!!

வித்யா: 1983-க்கு அப்புறம் இப்போதுதான் என் காலேஜ் என்சி ஸ்டேட் ஆண்கள் அணி, காலேஜ் கூடைப்பந்து தேசியப் போட்டியில் ஃபைனல் ஃபோர் (கடைசி 4 அணி) போகிறது

தீபா: அக்கா கத்தாதே. உள்ளே இருக்கிற குழந்தை பயந்துவிடும்

ராஜம் பெரியம்மா: விடியற்காலை 5 மணிக்கு இத்தனை மெசேஜா. யாருக்கு என்ன ஆச்சு

கமலா: ஒன்றும் இல்லை அக்கா. பந்து விளையாட்டு. ஒன்பதாம் மாதத்தில் சோபாவிலிருந்து எழுந்து குதிக்கிறாள்

ராஜம் பெரியம்மா: வித்யா உட்காரும்மா

செந்தில்: வாழ்த்துகள் வித்து. உங்கள் பர்ன்ஸ் 29 பாயின்ட். அந்தப் பெரிய உடம்போடு என்ன கால் வேலை!

வித்யா: அண்ணா நீ பார்த்தாயா? காலேஜ் ஆட்டமே பார்க்க மாட்டேன் என்பாயே

செந்தில்: டிவி ஓடிக்கொண்டிருந்தது

வித்யா: சரி, இப்போது ஒரு விஷயம். அடுத்த மேட்ச் பர்டியூவோடு. சனிக்கிழமை 6ஆம் தேதி, மாலை 6:09

பிரபு: ஐயோ

தீபா: அன்றைக்குத்தானே உன் வளைகாப்பு, 5 மணிக்கு

கமலா: இருக்கட்டுமே. அதற்கென்ன?

வித்யா: காலையில் வைத்துக்கொள்ளலாமா அம்மா? ராகு காலம் 10:30-க்கு முடிந்துவிடும். 11 மணிக்கு ஆரம்பித்தால் சாப்பாட்டோடு 3 மணிக்குள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடலாம்

ராஜம் பெரியம்மா: தேய்பிறையில் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். கல்யாணத்துக்கு நாள் பார்த்தபோதும் என்னை யாரும் கேட்கவில்லை

கமலா: அக்கா, அந்தப் பேச்சு இப்போது வேண்டாமே. 13ஆம் தேதி கிளப்ஹவுஸ் கிடைக்கவில்லை

ராஜம் பெரியம்மா: நான் ஒன்றும் சொல்லவில்லை

செந்தில்: ஒரு காலேஜ் மேட்சுக்காக வளைகாப்பை நகர்த்துவதா? ரெக்கார்ட் செய்து அப்புறம் பார்

வித்யா: அபியின் முதல் பிறந்தநாள், 2016 ஜூன். கேக் வெட்டும்போது நீ எங்கே இருந்தாய் அண்ணா?

செந்தில்: அது என்பிஏ (தொழில்முறை லீக்) ஃபைனல்ஸ் ஏழாவது மேட்ச்

தீபா: கார் ஷெட்டில் ஃபோனோடு. அண்ணி இன்னும் மறக்கவில்லை

செந்தில்: 93-89. எங்கள் வாரியர்ஸ் கிளீவ்லாந்திடம் தோற்றது. நானும் மறக்கவில்லை

செந்தில்: ஆனால் நான் சொல்வது வேறு. காலேஜில் ஒரு நாள் கை நன்றாக விழுந்தால் யாரும் யாரையும் ஜெயிக்கலாம். என்பிஏ பிளே ஆஃபில் ஒரே அணியை 4 முறை தோற்கடிக்க வேண்டும். முதல் மேட்சில் ஒருவனை அடைத்தால் மூன்றாவது மேட்சில் அவன் வேறு வழி கண்டுபிடித்து வருவான். அந்த மூளைச் சண்டை காலேஜில் கிடையாது. என்பிஏவில் 24 நொடிக்குள் எறிய வேண்டும், காலேஜில் 30 நொடி

சுந்தரம் மாமா: சரியாகச் சொன்னாய் செந்தில்

வித்யா: மாமா நீங்களுமா

சுந்தரம் மாமா: முழுக்கச் சொல்லிவிட்டு வருகிறேன் கண்ணு. பால்காரர் வந்துவிட்டார்

வித்யா: அண்ணா, பொறுமையாகப் படி. மார்ச் 9ஆம் தேதி எங்கள் கணக்கு 17 வெற்றி, 14 தோல்வி. கடைசி 4 மேட்சும் வரிசையாகத் தோல்வி. எங்கள் லீக்கான ஏசிசியின் கோப்பையை வாங்கினால் மட்டும்தான் தேசியப் போட்டியின் 68 அணிகளுக்குள் இடம். செவ்வாய் முதல் சனி வரை 5 நாளில் 5 மேட்ச். லூயிவில், சிரக்யூஸ், டியூக், விர்ஜீனியா, யூஎன்சி. விர்ஜீனியாவோடு 3 பாயின்ட் பின்தங்கி இருந்தோம். கடைசி நொடியில் எங்கள் ஓ'கானல் தூரத்திலிருந்து எறிந்தது போர்டில் பட்டு உள்ளே விழுந்தது. அப்புறம் கூடுதல் நேரத்தில் ஜெயித்தோம். அது விழாமல் இருந்தால் இன்றைக்கு எதுவுமே இல்லை. என்பிஏவில் 82 மேட்ச். ஒன்று போனால் நாளை மறுநாள் இன்னொன்று. பெரிய ஆட்டக்காரர் ஓய்வு என்று உட்கார்ந்துவிடுகிறார். பிப்ரவரி ஆல் ஸ்டார் மேட்சில் ஒரு அணி 211 பாயின்ட் எடுத்தது, ஒருவரும் தடுக்கவே இல்லை. எங்கள் பையன்களுக்கு ஒவ்வொரு மேட்சும் கடைசி மேட்சாக இருக்கலாம். அவர்கள் முகத்தில் அது தெரிகிறது

தீபா: படித்தேன்

கமலா: சாப்பிட வா

வித்யா: இன்றைக்குப் பெண்கள் அணியும் ஜெயித்தது. டெக்சஸை 76-66. ஒரே நாளில் இரண்டு அணியும் ஃபைனல் ஃபோர்!

தீபா: போர்ட்லாந்தில்தானே? அங்கே ஒரு பக்கம் மூன்று பாயின்ட் கோடே தப்பாகப் போட்டிருந்தார்களாம்

பிரபு: ஆமாம். மேட்சுக்குக் கொஞ்சம் முன்னால்தான் தெரிந்தது. இரண்டு கோச்சும் பரவாயில்லை, ஆடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்

ராஜம் பெரியம்மா: கமலா, 8ஆம் தேதி சூரிய கிரகணம் அங்கே. பேப்பரில் போட்டிருக்கிறான். வித்யா வெளியே தலை காட்டக் கூடாது. கத்தி, கத்தரிக்கோல் தொடக் கூடாது

கமலா: தெரியும் அக்கா. திரையெல்லாம் இழுத்துவிடுகிறேன்

பிரபு: எங்கள் ஊர் கேரியில் பாதிக் கிரகணம்தான் பெரியம்மா

ராஜம் பெரியம்மா: பாதியானாலும் கிரகணம்தான் மாப்பிள்ளை

தீபா: டல்லாஸில் முழுக் கிரகணம். ஞாயிறு ராத்திரியே திரும்பிவிடுவேன். கண்ணாடி வாங்கியாயிற்று

ராஜம் பெரியம்மா: நீ நின்று பார்க்கப் போகிறாயா?!

கமலா: தீபா, பெரியம்மாவுக்கு ஃபோன் செய்து பேசு

தீபா: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

சுந்தரம் மாமா: கண்ணு, நான் இரண்டும் ஆடியவன். காலேஜில் எங்கள் டீம் சுமாரான டீம். பேங்கில் வேலை கிடைத்த பிறகு கோயம்புத்தூர் பிஎஸ்ஜி கோப்பை வரை ஆடினேன். என் நல்ல ஆட்டமெல்லாம் பேங்கில்தான். பாஸ் எங்கே வரும் என்று பார்க்காமலே தெரியும். ஆட்டத்தை ரசிக்க வேண்டும் என்றால் செந்தில் கட்சி. ஆனால் பேங்கில் தோற்றால் மறுநாள் கவுன்ட்டரில் உட்கார்ந்து பாஸ்புக்கில் என்ட்ரி போடுவேன், எதிரே நிற்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. காலேஜில் தோற்ற ராத்திரி, மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணன் என் தட்டில் இரண்டாவது முட்டையை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அவர் படித்தவர் இல்லை. ஆனால் அன்றைக்குத் தோற்றது அவருடைய காலேஜும்தான்

வித்யா: மாமா

பிரபு: 🙏

ராஜம் பெரியம்மா: அப்பா உன் கான்வாஸ் ஷூவைப் பரணில் ஒளித்து வைத்தார். ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தது நான்

சுந்தரம் மாமா: ஆமாம் அக்கா. அடியும் உனக்குத்தான் விழுந்தது

ராஜம் பெரியம்மா: அதை இப்போதுதான் சொல்கிறாய்

செந்தில்: அம்மா, இது எனக்குத் தெரியவே தெரியாதே

செந்தில்: சரி மாமா, ஆனால் அந்தக் காலேஜ் இப்போது எங்கே இருக்கிறது? பர்ன்ஸ் வின்த்ராப்பிலிருந்து வந்தவர், அதற்கு முன்னால் டென்னசி. ஓ'கானல் ஸ்டான்ஃபோர்ட். ஹார்ன் அரிசோனா ஸ்டேட். 2021-லிருந்து காலேஜ் ஆட்டக்காரருக்கும் விளம்பரப் பணம் வருகிறது. வருடத்துக்கு வருடம் அணி மாறுகிறார்கள். எங்கள் கர்ரி 2009-லிருந்து வாரியர்ஸோடுதான் இருக்கிறார். எது விசுவாசம் வித்து?

வித்யா: கர்ரி எங்கிருந்து வந்தார்? டேவிட்சன். சார்லட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்னக் காலேஜ். பெரிய காலேஜ்கள் கூப்பிடவில்லை. 2008-ல் அவர்களைக் கடைசி 8 வரை கொண்டுபோனார், கான்சஸிடம் 2 பாயின்டில் தோற்றார்கள். உன் ஆளை உலகத்துக்குக் காட்டியதே மார்ச் மாதக் காலேஜ் போட்டிதான்

செந்தில்: அதை மறுக்கவில்லை

வித்யா: ஹார்ன் எங்கள் காலேஜ் இருக்கிற ராலேக்காரர். கடைசி வருடம் ஊருக்குத் திரும்பி வந்து ஆடுகிறார். போவதும் வருவதும் இருக்கட்டும், நான் அதற்காகப் பார்க்கவில்லை. 2014 ஆகஸ்டில் இரண்டு பெட்டியோடு வந்தேன். ஐந்து மாதம் லேப், ரூம், லேப். யாரையும் தெரியாது. 2015 ஜனவரி 11, டியூக் மேட்ச். பக்கத்து சீட் பெண், பெயர்கூடத் தெரியாது, என் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிச் சிவப்புச் சாயம் பூசினாள். விரல் ஜில்லென்று இருந்தது. 87-75. அந்த வருடம் தேசியக் கோப்பையை வாங்கியது அந்த டியூக்தான். மேட்ச் முடிந்து பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்து "நாம் ஜெயித்துவிட்டோம்" என்றார்கள். அந்த ஊரில் என்னையும் சேர்த்து ஒருவர் "நாம்" என்று சொன்னது அன்றைக்குத்தான்

தீபா: இதைச் சொன்னதே இல்லையே அக்கா

கமலா: அப்போது ஃபோனில் நன்றாக இருக்கிறேன் என்றுதானே சொன்னாய்

வித்யா: அன்றைக்கு நிஜமாகவே நன்றாக இருந்தேன் அம்மா

பிரபு: நானும் ஒன்று சொல்கிறேன். சார்லட்டில் இருந்தபோது அந்த ஊர் என்பிஏ அணி ஹார்னெட்ஸ் மேட்சுக்கு ஆபீஸ் டிக்கெட்டில் அடிக்கடி போவேன். அணி 2016-க்கு அப்புறம் பிளே ஆஃப் பார்க்கவில்லை. பாதிப் பேர் ஃபோனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். 2018 மார்ச் 16, அதே அரங்கில் காலேஜ் தேசியப் போட்டி, விர்ஜீனியாவும் யூஎம்பிசியும். தரவரிசையில் முதல் இடத்து அணியும் 16ஆம் இடத்து அணியும். அதுவரை ஆண்கள் போட்டியில் 16 ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. பாதி நேரத்தில் 21-21. முடிவில் 74-54, யூஎம்பிசி. என் வரிசையில் ஒருவர்கூட அந்தக் காலேஜ் இல்லை. எல்லாரும் நின்றுகொண்டே பார்த்தோம். எனக்கு என்பிஏதான் பிடிக்கும் செந்தில் அண்ணா, அடுத்த சீசனும் ஹார்னெட்ஸ்தான் பார்ப்பேன். ஆனால் அந்த மாதிரி ராத்திரி என்பிஏவில் எனக்குக் கிடைக்கவில்லை

செந்தில்: டிக்கெட் இருந்தும் என்னைக் கூப்பிடவில்லை

பிரபு: அப்போது உங்களை எனக்குத் தெரியாது அண்ணா

கமலா: இதெல்லாம் இருக்கட்டும். சனிக்கிழமை காலையா மாலையா? புளியோதரை, தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல் எல்லாம் மாலைக்குச் சொல்லியிருக்கிறேன்

பிரபு: கிளப்ஹவுஸ் ஆபீசில் நாளைக்குக் கேட்கிறேன் அத்தை

1 ஏப்ரல் 2024, திங்கள்

பிரபு: காலையில் ஒரு குழந்தையின் பிறந்தநாள் இருக்கிறதாம். 2 மணிக்குக் காலி செய்துவிடுவார்கள்

ராஜம் பெரியம்மா: 3 மணி வரை எமகண்டம்

வித்யா: 3:15-க்கு ஆரம்பித்தால்?

கமலா: சாப்பாடு 3 மணிக்கு வருமா என்று கேட்க வேண்டும். அந்த அம்மா ஃபோன் எடுக்கவில்லை

தீபா: கிளப்ஹவுஸ் சுவரில் பெரிய டிவி இருக்கிறதே

ராஜம் பெரியம்மா: மனையில் உட்கார்ந்து டிவி பார்ப்பாளா?

சுந்தரம் மாமா: வளையல் போடும்வரை அணைத்து வையுங்கள். அப்புறம் போடுங்கள். அக்கா, நீ கண்ணை மூடிக்கொள்

ராஜம் பெரியம்மா: நான் எதற்கு மூட வேண்டும். வீடியோ கால் போட்டால் நானும் பார்க்கிறேன். அந்த உயரமான பையன் யார், பேப்பரில் படம் வந்ததே

செந்தில்: எடீ, அம்மா. பர்டியூ. 7 அடி 4 அங்குலம். வித்துவின் அணிக்கு எதிரி

ராஜம் பெரியம்மா: அப்படியா. அவனை யார் பிடிப்பார்கள்?

வித்யா: பர்ன்ஸ் பிடிப்பார் பெரியம்மா

தீபா: வளையல் வாங்கக் கடையில் நிற்கிறேன். அக்கா கை அளவு 2.4தானே? சிவப்பு மட்டும் வாங்கவா?

ராஜம் பெரியம்மா: பச்சையும் கலந்து வாங்கு

வித்யா: கை வீங்கியிருக்கிறது, 2.6 வாங்கு. சிவப்பு நிறைய

கமலா: நேரம் இன்னும் முடிவாகவில்லை, யாருக்கும் அழைப்பு அனுப்பாதீர்கள்

தீபா: டல்லாஸ் ஃப்ரெண்ட்ஸுக்கு 5 மணி என்று அனுப்பிவிட்டேனே