பழைய நீச்சல் குளம் மறுபடி திறந்தபோது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த பொது நீச்சல் குளம் புதுப்பித்துத் திறக்கப்பட்டதை நேரில் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். நான் நீந்தப் பழகிய குளம் அண்மையில் திறந்தது. முதலில் என் பங்கு.

வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே மாறவில்லை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று கல்லில் செதுக்கிய இரண்டு வாசல்களும் அப்படியே நிற்கின்றன. உள்ளே போனால்தான் வித்தியாசம். தண்ணீரை ஒட்டியே இரு பக்கமும் உடை மாற்றும் சின்னச் சின்ன மர அறைகள் இருக்கும். கதவுக்குக் கீழே உள்ளே நிற்பவரின் கணுக்கால் தெரியும். அவற்றுக்குப் புது வண்ணம் அடித்து அழகாக வைத்திருக்கிறார்கள், ஆனால் எல்லாக் கதவும் பூட்டு. வெறும் பார்வைக்கு. ஒன்றிரண்டையாவது திறந்து விட்டிருக்கலாம். டைவிங் மேடையும் போய்விட்டது. அந்தக் காலத்து ஆழம் இன்றைய பாதுகாப்பு விதிக்குப் போதாதாம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

நீளம் குறைந்ததுதான் எனக்குப் பழக நாளாகிறது. 100 அடிக் குளம் அது, 30 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இப்போது ஒரு முனையில் சுவர் எழுப்பி 25 மீட்டர் ஆக்கிவிட்டார்கள். கை நீட்டுவதற்குள் சுவர் வந்துவிடுகிறது.

*

இப்படிப்பட்ட குளங்களில் கசிவு அடைக்கும் வேலை பார்த்திருக்கிறேன். "ஒரு தொட்டியைச் சரிசெய்ய இத்தனை வருடமா?" என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் யாருக்கும் தெரியாது, அதுதான் விஷயம். குறையக் குறைய ஊற்றிக்கொண்டே ஓட்டியிருப்பார்கள். அதனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, சுவரில் கோடு போட்டு, தினமும் மட்டம் பார்ப்போம். ஓர் உயரத்துக்கு இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் ஓட்டை அந்த மட்டத்தில்தான் எங்கோ இருக்கிறது. நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் அடித்தளத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம் குளத்தைக் காலி செய்வது. இதைப்போல் பயம் தரும் வேலை வேறு இல்லை. நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் குளத்தை வெறுமையாக்கினால், கீழிருந்து வரும் அழுத்தம் தரையையே தூக்கி வெடிக்க வைத்துவிடும். உள்ளே இருந்த தண்ணீரின் எடைதான் அதுவரை அதைப் பிடித்து வைத்திருக்கும். முதலில் பக்கத்தில் துளை போட்டு நிலத்தடி மட்டம் பார்த்துவிட்டுத்தான் வால்வைத் திறப்போம்.

காய்ந்த பிறகு டைல்ஸ். பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நன்றாக ஒட்டியிருந்தால் கெட்டியான சத்தம். பின்னால் காற்று இருந்தால் பொள்ளலாகக் கேட்கும், அதில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. ஒரு குளத்தில் ஆழமான பக்கச் சுவர் முழுக்கக் குறியாகவே போய்விட்டது. பழைய அச்சில் புது டைல்ஸ் சுட்டு வர மாதக்கணக்காகும்.

நாலாயிரம் வருடத்துக்கு முன்னால் மொகஞ்சதாரோவில் பெருங்குளம் கட்டியவர்கள் செங்கல்லுக்குப் பின்னால் நிலக்கீல் பூசித்தான் தண்ணீரை நிறுத்தினார்கள். நாங்கள் பூசும் பொருள் வேறு, கவலை அதே கவலை.

கடைசியில் நிரப்புவது. நாளுக்கு முக்கால் மீட்டருக்கு மேல் ஏற்றக் கூடாது, சூடாக்குவதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் புது டைல்ஸ் கழன்று வரும். ரிப்பன் வெட்டும் தேதியைக் குறித்துவிட்டு "இன்னும் நிரம்பவில்லையா?" என்று போன் செய்பவர்களிடம் இதை விளக்குவதற்கே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

*

மான்செஸ்டரில் இருக்கும் விக்டோரியா குளியல் மாளிகைக்குப் பொதுமக்களை அனுமதிக்கும் நாள் ஒன்றில் போயிருந்தேன். 1906இல் திறந்தது, 1993இல் மூடியது. 2003இல் பிபிசி நடத்திய போட்டியில் மக்கள் வாக்களித்து, புதுப்பிக்கப் பணம் பெற்றுக் கொடுத்தார்கள். வண்ணக் கண்ணாடி, பச்சை டைல்ஸ் எல்லாம் கண்ணைப் பறித்தது. மூன்று குளம்: முதல் வகுப்பு ஆண்கள், இரண்டாம் வகுப்பு ஆண்கள், பெண்கள். புதுத் தண்ணீர் முதலில் முதல் வகுப்புக்கு, அங்கே பயன்படுத்திய பிறகு இரண்டாம் வகுப்புக்கு, கடைசியாகப் பெண்களுக்கு. வழிகாட்டி இதைச் சொன்னதும் கூட்டத்திலிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் முனகினார்கள்.

நான் போனபோது குளத்தில் தண்ணீர் இல்லை. தரையில் இறங்கி நடக்க விட்டார்கள். கட்டடத்தைக் காப்பாற்றுவது வேறு, குளத்தைக் காப்பாற்றுவது வேறு என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது.

*

மேலே எழுதியவர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீர் வந்துவிட்டால் மட்டும் போதுமா? பாரிஸின் மொலிட்டோர் 1929இல் திறந்த பொதுக் குளம். 1989இல் மூடினார்கள், சுவரெல்லாம் கிராஃபிட்டி ஆனது, 2014இல் ஹோட்டலாகத் திரும்பி வந்தது. படத்தில் அற்புதமாக இருக்கிறது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் கும்பலாக வந்து குதிக்கும் இடமாக அது திரும்பவில்லை. நியூயார்க்கின் மெக்கேரன் பூங்காக் குளத்தைப் பாருங்கள்: 1936இல் கட்டியது, எண்பதுகளில் மூடிய பிறகு சில வருடம் கச்சேரி மேடையாகக்கூட இருந்தது, 2012இல் மறுபடி நகரத்தின் பொதுக் குளமாகவே திறந்தது. எனக்கு இரண்டாவதுதான் மறுதிறப்பு. முதலாவது அழகான கட்டட விற்பனை.

இங்கிலாந்தின் பென்சான்ஸ் ஊரில் கடலோரத்து ஜூபிலி குளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014 புயலில் உடைந்தது, 2016இல் திறந்தது, 2020இல் பூமிக்கடிச் சூட்டை எடுத்து அதில் ஒரு பகுதியை வெந்நீராக்கிவிட்டார்கள். பழசை அப்படியே வைத்தே தீர வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை.

*

நான் நீச்சல்காரி இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவள். எங்கள் பழைய குளத்தில் செங்குத்தான இரும்பு ஏணி மட்டும்தான். மூட்டு வலி வந்ததும் அம்மா நிறுத்திவிட்டார். புதுப்பித்தபோது ஆழமில்லாத பக்கம் அகலமான படிகளும் கைப்பிடியும் வைத்து, நாற்காலியில் உட்கார வைத்து இறக்கும் தூக்கியும் பொருத்தியிருக்கிறார்கள். அழகு கெட்டுப்போச்சு என்று சிலர் குறைப்பட்டார்கள். கெடட்டும். அம்மா இறங்கிவிட்டார்.

என் குறை வேறு. புது அட்டவணையில் பெண்களுக்கான நேரத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள். கவுண்டரில் கேட்டால் "சிஸ்டத்தில் இல்லை" என்று பதில். கையெழுத்து வாங்கி மனு கொடுத்த பிறகு புதன் மாலை ஒரு மணி நேரம் கிடைத்தது, அதுவும் சோதனை முறையில். ஆள் குறைந்தால் எடுத்துவிடுவார்களாம். அதனால் அந்த நேரத்துக்கு வரக்கூடியவர்கள் நீந்தத் தெரியாவிட்டாலும் வாருங்கள், ஆழமில்லாத பக்கம் நிறைய இடம் இருக்கிறது.