புதுப்பிப்பு: பெங்களூரில் நர்சிங், தமிழ்நாட்டில் வேலை – பதிவு கிடைத்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து கர்நாடக நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்திருக்கும் என் தங்கை, அதை வைத்தே தமிழ்நாட்டில் அரசு செவிலியர் வேலைக்கு ஆள் எடுக்கும் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதலாமா என்று கேட்டிருந்தேன். முடியாது. அரசு செவிலியர் பணிக்குத் தமிழ்நாடு கவுன்சில் பதிவு கட்டாயம்.

"முதலில் கர்நாடகத்தில் என்.ஓ.சி.க்கு (தடையில்லாச் சான்று) விண்ணப்பியுங்கள்" என்று ஒரு அக்கா சொன்னதுதான் சரியான வழி. அதோடு நடக்கும் பதிவுச் சரிபார்ப்பு ஒரு கவுன்சிலிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகிறது, நாம் கையில் வாங்கிப் போய்க் கொடுப்பதல்ல. எங்களுக்கு அதிகம் இழுத்ததும் அங்கேதான். ஆதார், மார்க் ஷீட், பதிவுச் சான்று மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள். அவளுக்கு இனிஷியல் மாறியிருந்ததால் மறுபடி அலைய வேண்டியதாயிற்று.

எம்.ஆர்.பி. தேர்வில் எதிர்பாராதது தமிழ்த் தகுதித் தேர்வு. அதில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற தாளின் மதிப்பெண்ணே கணக்கில் வரும். வெளிமாநிலத்தில் படித்தவர்கள் இதற்குத் தனியாகத் தயாராகுங்கள்.

இப்போது கோவையில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை ஐ.சி.யு.வில் சேர்ந்திருக்கிறாள். வீட்டுப் பக்கத்து நர்சிங் ஹோமில் சம்பளம் கொஞ்சம் அதிகம். ஆனாலும் முதல் வேலையில் கற்றுக்கொள்வதுதான் முக்கியம் என்று நீங்கள் பலர் சொன்னதை ஏற்றோம், எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. மருத்துவமனையில் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. நகல் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள்.