அம்மா விழுந்ததிலிருந்து நடக்கவே விடுவதில்லை, இது சரியா?

கேள்வி (சின்னமகள்):
அம்மாவுக்கு 79 வயது. மூன்று வாரத்துக்கு முன் விடிகாலை பாத்ரூம் போக எழுந்தவர் கதவருகில் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. "எழுந்திருக்காதே, என்ன வேணுமோ கேளு" என்று நானே நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். இப்போது நாற்காலியிலிருந்து எழவே இரண்டு கையையும் ஊன்றி மூன்று முறை எம்ப வேண்டியிருக்கிறது. விழுவதற்கு முன் இப்படி இல்லை. வாக்கர் வாங்கு என்கிறார் அண்ணன். ராத்திரிக்கு டயப்பர் போட்டுவிடு என்கிறார் அண்ணி. அதைக் கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்ட அம்மா அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை. என்ன செய்யலாம்?

பதில் (மூத்தவன்):
டயப்பர் பேச்சை முதலில் விடுங்கள். அப்பா விஷயத்தில் நாங்களும் உங்களைப் போலத்தான் பொத்திப் பொத்தி உட்காரவைத்தோம். இரண்டே மாதத்தில் தொடை சூம்பிப்போய், பிறகு நிஜமாகவே நடக்க முடியாமல் போனது. பிசியோதெரபிஸ்ட் வந்து முதலில் திட்டியது எங்களைத்தான். அவர் சொன்ன பயிற்சி ஒன்றுதான்: கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, காலையும் மாலையும் ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். கை ஊன்றினாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

பாத்ரூம் கைப்பிடியை நீங்களாக ஓர் இடம் பார்த்து மாட்டாதீர்கள். அம்மாவின் கை எங்கே போகிறது என்று பின்னால் நின்று பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு டைல்ஸ் மட்டும் மங்கலாக இருந்தது, அப்பா தினமும் உள்ளங்கையை ஊன்றிய இடம். அதைத் தாண்டினால் அவர் பிடித்தது துண்டு மாட்டும் கம்பியை! துண்டைத் தாங்கும் கம்பி ஆளைத் தாங்குமா? காற்றை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் கைப்பிடியையும் நம்பாதீர்கள். சுவரைத் துளைத்து ஸ்க்ரூ போடுங்கள்.

வாக்கரா, கைத்தடியா என்பதை நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தடி என்றால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது அதன் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். அப்பா ஒரு வருடம் மாற்றித்தான் பிடித்துக்கொண்டிருந்தார், எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

பதில் (ஓய்வுபெற்ற நர்ஸ்):
எல்லாம் சரி, அம்மா ஏன் விழுந்தார்? வழுக்கியதா, தடுக்கியதா, தலை சுற்றியதா? அதைக் கேட்டீர்களா? படுத்து ஐந்து நிமிடம் ஆனதும் பிபி பாருங்கள். அப்புறம் எழுந்து நிற்கவைத்து, ஒரு நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள் (கூடவே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும், தலை சுற்றினால் உடனே உட்காரவைத்துவிடுங்கள்). மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பிபி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாமே இதற்குக் காரணமாகலாம், ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர் என்றால், தலையில் அடிபட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், பார்க்க நன்றாக இருந்தாலும்கூட.

பதில் (இரவுப்பணி):
கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்கு வையுங்கள். சுவிட்சைத் தேடித்தான் என் மாமியார் விழுந்தார்.

சின்னமகள்:
கேட்டேன். "வழுக்கல, கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. சொன்னா படுக்க வச்சிருவீங்கன்னுதான் சொல்லல" என்றார். படுத்திருந்தபோது மேல் எண் 142, நின்ற முதல் நிமிடத்தில் 116. குறித்து வைத்திருக்கிறேன், நாளை மாத்திரைச் சீட்டோடு டாக்டரிடம் போகிறோம். அதுவரை கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாதத்தை ஆட்டிவிட்டுத்தான் எழுகிறார், கூட நான் நிற்கிறேன். கைப்பிடிக்கான இடத்தை அவரே பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார், நாங்கள் நினைத்ததைவிட ஒரு சாண் கீழே. நாற்காலிப் பயிற்சி நேற்று நான்கு முறை. ஐந்து என்று எழுதப் போனேன், "நாலுதான் செஞ்சேன், பொய்க் கணக்கு எழுதாதே" என்கிறார்.