சபை விசாரிப்புக் (பராமரிப்பு உதவி) குழு: வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு யார் துணை?

செயலாளர்: எல்லோருக்கும் ஸ்தோத்திரம். படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் மறதி நோய் உள்ளவர்களையும் வீட்டில் வைத்துப் பார்க்கிற குடும்பங்களுக்காக மாதம் ஒரு சிறப்பு ஜெபக் கூட்டம் வைக்கலாம் என்று கமிட்டியில் பேச்சு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சரிப்படுமா?

பெண்கள் ஐக்கியத் தலைவி: நல்ல காரியம், வைக்கலாம்.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மகள்: அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். யாருக்காகக் கூட்டமோ அவர்களால் வர முடியாது. பொழுது சாய்ந்தால்தான் அம்மாவுக்குப் பதற்றம் கூடும், இந்த நோய் உள்ள நிறையப் பேருக்கு அப்படித்தான், சொந்த வீட்டில் நின்றுகொண்டே "என்னை வீட்டுக்குக் கூட்டிப் போ" என்று கதவைத் தட்டுவார்கள். அந்த நேரத்தில் நான் எப்படிக் கிளம்புவது? ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், இத்தனை நாள் என்னைத் தாங்கியது அதுதான். ஆனால் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுவதற்கு முன் அம்மாவோடு உட்கார ஒரு ஆளை அனுப்புங்கள்.

பெண்கள் ஐக்கியத் தலைவி: அதற்கென்னம்மா, எது வேண்டுமானாலும் தயங்காமல் சொல், ஓடி வருகிறோம்.

மகள்: அத்தை, மனதாரச் சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் "வேண்டுமானால் சொல்" என்றால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது, கேட்டால் அவர்களுக்குத் தொந்தரவா என்று யோசிக்கிற வேலையும் என் தலையில்தான் விழுகிறது, கடைசியில் கேட்காமலே விட்டுவிடுகிறேன். "செவ்வாய்க்கிழமை 10 மணியிலிருந்து 12 மணி வரை நான் இருக்கிறேன், நீ வெளியே போய் வா" என்று யாராவது சொன்னால் போதும். வங்கிக்குப் போவேன், என் பல்வலிக்கு மருத்துவரைப் பார்ப்பேன், ஒன்றுமில்லையென்றால் பக்கத்து அறையில் தூங்குவேன்.

செவிலியர் அக்கா: இதைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். மறதி நோய் உள்ளவர்களுக்கு வீட்டாரும் நண்பர்களும் சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரம் பராமரிப்புக் கொடுக்கிறார்கள், அந்த நேரத்தில் 70 சதவீதம் பெண்களுடையது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. படுக்கையில் இருப்பவர் என்றால் படுக்கைப் புண் வராமல் இருக்கச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இரவிலும்தான். அப்படியென்றால் பார்க்கிறவர் எப்போது தூங்குவார்? ஆனால் ஒன்று, ஆர்வத்தில் யாரும் நோயாளியைத் தூக்கவோ மருந்து கொடுக்கவோ வேண்டாம். விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஒரு வாய் தண்ணீர்கூட வீட்டாரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும். துணைக்கு உட்காருவதுதான் நம் வேலை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதை நான் சொல்லித் தருகிறேன். அப்புறம், வாரம் ஒரு புது முகம் போனால் மறதி நோய் உள்ளவர்கள் மிரண்டுபோவார்கள், அதனால் ஒரு வீட்டுக்கு இரண்டே பேர், எப்போதும் அதே இரண்டு பேர். முதல் சில தடவை வீட்டாரும் கூடவே இருக்கட்டும்.

வாலிபர் ஐக்கியத் தம்பி: அக்கா, நாங்கள் என்ன செய்யலாம்? நோயாளி பக்கத்தில் உட்கார எங்களில் பாதிப் பேருக்குப் பயம்.

செவிலியர் அக்கா: உட்கார வேண்டாம்ப்பா. மருந்து வாங்கி வருவது, மருத்துவமனையில் வரிசையில் நிற்பது, காப்பீட்டுப் படிவம் நிரப்புவது, குளியலறையில் கைப்பிடி பொருத்துவது, சக்கர நாற்காலியைப் படியில் இறக்கி ஏற்றுவது. நம் ஆலய வாசலிலேயே சாய்தளம் இல்லை, அதை முதலில் பாருங்கள்.

மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஐயா: நானும் ஒன்று சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "அம்மா எப்படி இருக்கிறார்கள்" என்றுதான் கேட்பார்கள், நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர் அபூர்வம், ஆண்பிள்ளை என்றால் சுத்தமாகக் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் ஏழெட்டுப் பேர் வந்தால் வீட்டை ஒதுக்கி, அவர்களை உட்கார வைத்து உபசரிக்க வேண்டும். அதிலும் ஒருவர் "விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பார்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு அவள் அழுததை நான்தான் பார்த்தேன். வருவதற்கு முன் போன் செய்யுங்கள், கொஞ்ச நேரம் இருங்கள், அறிவுரை வேண்டாம்.

போதகர்: ஐயா, நீங்கள் சொன்னதைப் பிரசங்கத்திலேயே சொல்லப் போகிறேன். வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில் விதவைகள் சிலர் அன்றாட விசாரிப்பில், அதாவது அன்றாட உதவியில், விடுபட்டபோது ஜெபத்தோடு விட்டுவிடவில்லை, ஏழு பேரைத் தேர்ந்தெடுத்துப் பொறுப்பைக் கையில் கொடுத்தார்கள். நாமும் அப்படியே செய்வோம். களைத்துப்போய்ச் சாக வேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்கும் முதலில் கிடைத்தது உறக்கமும் உணவும்தான், பேச்சு அப்புறம்தான் வந்தது. இன்னொன்று, முடியாமல் போய் முதியோர் இல்லத்தில் சேர்க்கிற பிள்ளைகளைப் பார்த்து, சொந்த வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5-ஐ எடுத்து வீசுகிறார்கள். அந்த அதிகாரத்திலேயே ஆதரவற்ற விதவைகளுக்குச் சபை உதவ வேண்டும் என்று இருக்கிறது, அதை யாரும் வாசிப்பதில்லை. வீட்டுக்குத் திருவிருந்து கொண்டு வரும்போது பார்த்துக்கொள்கிறவரோடும் தனியாக உட்கார்ந்து பேசுகிறேன்.

மகள்: பாஸ்டர், ஜெபக் குறிப்பில் நோயின் பெயரைப் போடுவதற்கு முன் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அதனாலேயே சபைக்கு வருவதை நிறுத்திவிட்டது.

போதகர்: கட்டாயம். பணம் தேவைப்படுகிறவர்களும் குழுவில் எழுத வேண்டாம், என்னிடமோ பொருளாளரிடமோ சொன்னால் போதும், பெயர் வெளியே வராது.

ஐயா: அடக்கம் முடிந்த பிறகும் வாருங்கள். பக்கத்துத் தெருத் தம்பி அப்பாவைக் கடைசிவரை பார்த்தான், வேலையையும் அதற்காகவே விட்டான். அடக்கத்தோடு எல்லோரும் போய்விட்டோம், அவன் இன்னும் வெளியே தலைகாட்டவில்லை.

வாலிபர் ஐக்கியத் தம்பி: அவர் என் கூடப் படித்தவர்தான். நாளைக்கே போகிறேன் ஐயா.

செயலாளர்: சரி, கூட்டத்தைத் தள்ளி வைப்போம், முதலில் ஆள் ஏற்பாடு. எந்தக் கிழமை, எந்த நேரம் வர முடியும் என்று எனக்குத் தனியாக அனுப்புங்கள். முடியாததை ஒப்புக்கொள்ள வேண்டாம், நம்பிக் காத்திருந்து ஆள் வராவிட்டால் அவர்களுக்குத்தான் கஷ்டம். யாருக்காவது வர முடியாமல் போனால் மாற்று ஆள் தேடுவது என் பொறுப்பு, அந்த வீட்டாருடையது அல்ல.

பெண்கள் ஐக்கியத் தலைவி: மகளே, செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு நான் வருகிறேன். என்னோடு செவிலியர் அக்காவும்.

மகள்: வாருங்கள் அத்தை. அம்மாவுக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்காருங்கள். உங்களை அவர்கள் தங்கை என்று நினைத்துப் பேசினால் மறுத்துச் சொல்ல வேண்டாம், அப்படியே பேசுங்கள். பாட்டுப் புத்தகம் தலைமாட்டில் இருக்கும். முதல் சில தடவை நானும் கூடவே இருப்பேன், அப்புறம் மருந்து கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன், பல் மருத்துவரிடம் அதற்குத் தகுந்தாற்போல் நேரம் கேட்கிறேன்.